மூலை விழுந்த குவியல்

தண்டல் கஸ்பார் எண்ணிக்கையை நம்பமாட்டார். அடுக்கைத்தான் நம்புவார். எண்ணுகிறவன் வாய் தவறும், வேண்டுமென்றேயும் தவறும். அடுக்கு தவறாது என்பது அவர் கட்சி. தூத்துக்குடித் துறையில் இளவட்டமாக ஓடு ஏற்றிக்கொண்டிருந்த நாளில் ஒரு கணக்கப்பிள்ளை வாயால் எண்ணி, ஓடு குறைகிறது என்று இவர் தலையில் கட்டிவிட்டான். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் அது. ஓடோ, மூடையோ, சாடியோ, எது தோணியில் ஏறினாலும் கிடங்கை மூடும் முன் வரிசை வரிசையாக அடுக்க வைத்துப் பார்ப்பார். எல்லா வரிசையும் ஒரே அளவில் நின்றால் சரக்கு சரி. கடைசி வரிசையில் ஒரு மூலை காலியாகக் கிடந்தால் எவனோ கை வைத்திருக்கிறான். ‘மூலை விழுந்துட்டு’ என்பார். இரண்டு தடவை அப்படி மூலை விழுந்தது, இரண்டு தடவையும் திருடன் அகப்பட்டான். அதற்கப்புறம் யார் எதிர்த்துப் பேசுவது?

யுத்த காலம். வைகாசி மாதம். வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்ட சின்னத் தோணி. ஐந்து பேர் இருந்தார்கள். தோணிக்குத் தலைவன் என்ற முறையில் தண்டல் கஸ்பார். அவருடைய தங்கை மகன் ரோச். சுக்கான் பிடிக்கிற அம்புரோஸ். காய்ச்சலோடு ஏறிய ஹென்றி. சோறு பொங்கிப் போடுகிற பண்டாரி வன்னியபெருமாள். முதல் நாலு பேரும் ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணுகிறவர்கள். வன்னியபெருமாள் மட்டும் மாப்பிள்ளையூரணிப் பக்கத்துப் பனங்காட்டு ஆள். இது அவனுக்கு முதல் நடை. புது ஆளை இடக்கண்ணால் பார்ப்பது கஸ்பாருடைய வழக்கம். இவனை இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

பாதிக் கடலில் கச்சான் காற்று சொல்லாமல் வந்து இறங்கியது. பாய்மரம் முறிந்து விழுந்த அடியில் தண்ணீர்ப் பீப்பாய் சிதறிப்போயிற்று. சுக்கானும் போயிற்று. கிடங்கில் தண்ணீர் ஏற ஏற வெங்காயத்தையும் வத்தலையும் மூடை மூடையாகக் கடலில் தள்ளினார்கள். விடிந்தபோது காற்று செத்துக் கிடந்தது. கடல் எண்ணெய் தடவிய மாதிரி அசையாமல் இருந்தது. நீரோட்டம் இழுத்த பக்கம் தோணி போனது. குடிக்க ஒரு சொட்டு இல்லை.

சமையலுக்கு என்று வாங்கிய தேங்காய் மூடை ஒன்றுதான் மிச்சம். அதுவும் கிழிந்து, காய்கள் கிடங்குக்குள் உருண்டு கிடந்தன. எத்தனை காய் வாங்கினான் என்று வன்னியபெருமாளுக்கே தெரியவில்லை. கடைக்கார அண்ணாச்சி அள்ளிப் போட்டார், நான் வாயைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தேன் என்றான். இடுப்பளவு உப்புத் தண்ணீரில் இறங்கி, தடவித் தடவி ஒவ்வொன்றாக மேலே எறிந்தான். உடைந்தவற்றை உப்பு ஏறிவிட்டது என்று கடலில் வீசினான். கஸ்பார் அதையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் ஏறி வந்தபோது உதடு ஈரமாக இருந்தது. அதையும் பார்த்தார்.

கிடங்கின் மூடுபலகை மேல் காய்களைப் போட்டு அடுக்கத் தொடங்கினார். மொத்தம் இருபத்தொன்பது. இரண்டு வரிசையாக வைத்தார். ஒன்று மிஞ்சி நின்றது. கலைத்துவிட்டு மூன்று வரிசையாக வைத்தார்; கடைசி வரிசையில் மூலை காலி. நாலாக வைத்தார், ஒன்று மிச்சம். ஐந்தாக வைத்தார், மூலை காலி. ஆறாக வைத்தார், அதே மூலை, அதே காலி. ஒரே ஒரு காய். அது மட்டும் இருந்தால் மூன்றுக்கும் அடங்கும், ஐந்துக்கும் அடங்கும், ஆறுக்கும் அடங்கும். இதைவிடத் தெளிவாக ஒரு திருட்டு தன்னைக் காட்டிக்கொடுக்குமா?

“ஒண்ணு எங்கலே?” என்றார்.

“கிடந்ததெல்லாம் எடுத்துப் போட்டுட்டேன் தண்டலே. சந்தேகம்னா நீரு இறங்கிப் பாரும்.”

“வாயை ஊது.”

ஊதினான். தேங்காய் மணத்தது. உடைந்த காய்களுக்குள்ளே நின்று தடவியவன் வேறு என்ன மணப்பான் என்று அப்போது ஒருத்தரும் கேட்கவில்லை. தாகத்தில் இருக்கிறவனுக்கு மூக்கு ஒரு பக்கமாகத்தான் வேலை செய்யும்.

நடுக்கடலில் குடிதண்ணீரைத் திருடியவனுக்குப் பங்கு கிடையாது. அந்தத் தோணிக்காரர்கள் வைத்திருந்த கட்டுப்பாடு அது. எந்தக் கோர்ட்டிலும் எழுதியிருக்காது, ஆனால் யாரும் மீறினதும் கிடையாது. அம்புரோஸும் ரோச்சும் வன்னியபெருமாளை முறிந்த பாய்மரத்தின் அடிக்கட்டையோடு சேர்த்துக் கட்டினார்கள். அவன் அதிகம் முண்டவில்லை. நான் உங்க தெருக்காரனா இருந்தா கட்டுவீரா தண்டலே என்று மட்டும் கேட்டான். கஸ்பார் கிழிந்த பாயில் ஒரு துண்டை எடுத்து அவன் தலைக்கு மேல் நிழலாகக் கட்டச் சொன்னார். அவ்வளவு இரக்கம் போதும் என்று நினைத்தார்.

ஒரு நாளைக்கு இரண்டு காய் உடைப்பது என்று வைத்தார்கள். நாலு பேருக்கு ஆளுக்கு அரைக்காய்த் தண்ணீர், கொஞ்சம் பருப்பு. முற்றின காய், தண்ணீர் என்று சொல்ல எவ்வளவு இருக்கும்? நாக்கை நனைத்து, இன்னும் வேண்டும் என்று கேட்க வைக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் இரண்டு போக இருபத்தேழு. சாயங்காலம் கஸ்பார் வழக்கம்போல அடுக்கிப் பார்த்தார். மூன்று வரிசை, வரிசைக்கு ஒன்பது. ஒரு மூலையும் விழவில்லை. ரோச்சுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீரா மாமா. இவனைக் கட்டிப் போட்டதும் குவியல் ஒழுங்குக்கு வந்துட்டு.”

கட்டையில் கிடந்தவன் அன்றைக்கு முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்தான். கஸ்பாருடைய அம்மையில் தொடங்கி ஒருத்தரையும் விடவில்லை. அடுத்த நாள் திட்டு போய்க் கெஞ்சலாக ஆனது. பெண்டாட்டி சீனித்தாய் பேரைச் சொன்னான். வயிற்றில் ஏழு மாதம் என்றான். அன்றைக்கு இருபத்தைந்து காய். ஐந்துக்கு ஐந்து, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சதுரம். அதைப் பார்க்கப் பார்க்கக் கஸ்பாருக்கு மனசு உறுதிப்பட்டது. குற்றவாளியைப் பிடித்துக் கட்டிய இடத்தில் சரக்கு சீராகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

அன்று மத்தியானம் தெற்கே ஒரு நீராவிக் கப்பல் போயிற்று. ஹென்றி காய்ச்சலோடு எழுந்து சட்டையைக் கழற்றி வீசினான். அம்புரோஸ் வறண்ட தொண்டையில் கத்தினான். யுத்த நாளில் எந்தக் கப்பல் நிற்கும்? மிதக்கிற கட்டையைக் கண்டாலும் கண்ணிவெடி என்று விலகிப் போகிற காலம். புகை மட்டும் வெகுநேரம் வானத்தில் கிடந்தது. ஹென்றி சட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்ளக்கூட இல்லை, படுத்துவிட்டான். அதற்குப் பிறகு யாரும் கரையைப் பற்றிப் பேசவில்லை. காயைப் பற்றியே பேசினார்கள்.

மூன்றாம் நாள் வன்னியபெருமாள் பேசவில்லை. கண் திறந்திருந்தது. ஈ உட்கார்ந்தால் இமைக்கவும் இல்லை. நடுக்கடலில் அந்த ஈ எங்கிருந்து வந்ததோ.

சாயங்காலம் கஸ்பார் அடுக்க உட்கார்ந்தார். காலையில் அந்தச் சதுரத்திலிருந்து இரண்டு காயைத் தன் கையாலேயே எடுத்து உடைத்துக் கொடுத்தவர் அவர்தான். மூன்று இரவும் மூடுபலகை மேல், காய்களை மாரோடு அணைத்துக்கொண்டுதான் படுத்தார். யாரையும் நம்பாத மனுஷன், தூக்கத்தில்கூட ஒரு கை குவியல் மேல்தான் இருக்கும். இரண்டு வரிசையாக வைத்தார். ஒன்று மிச்சம். மூன்றாக வைத்தார். மூலை காலி. நாலாக வைத்தார். மூலை காலி. ஆறாக வைத்துப் பார்த்தார். அதே காலி.

முதலில் அம்புரோஸைத்தான் பார்த்தார். பிறகு ரோச்சை. இடுப்பில் கத்தி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். திருடன் கட்டையில் கட்டுண்டு கிடக்கிறான். அப்படியானால் இவன்களில் எவன்? வாய்வரை வந்துவிட்டது கேள்வி. ஏனோ கேட்பதற்கு முன்னால், தன் வழக்கத்துக்கு மாறாக, எண்ணினார். இருபத்துமூன்று. நேற்று இருபத்தைந்து, இன்று இரண்டு உடைத்தாயிற்று, இருபத்துமூன்றுதான் இருக்க வேண்டும். எடுத்ததும் அவர் கை, காவல் காத்ததும் அவர் மார். ஒரு காயும் போகவில்லை. ஆனாலும் மூலை விழுந்து கிடக்கிறது.

கஸ்பார் வரிசைகளைக் கலைத்தார்.

இரண்டு காயைத் தள்ளி வைத்துவிட்டு இருபத்தொன்றை அடுக்கினார். மூன்று வரிசை, ஏழு ஏழு, சுத்தம். ஒன்றைக் குறைத்தார். இருபது, நாலு வரிசை, ஐந்து ஐந்து. இன்னும் ஒன்றைக் குறைத்தார். பத்தொன்பது எதிலும் அடங்கவில்லை. பதினெட்டு அடங்கியது. பதினேழு அடங்கவில்லை. பைத்தியம் பிடித்தவர் மாதிரிக் காயைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தார். பதினாறு, பதினைந்து, பதினான்கு எல்லாம் சொன்னபடி கேட்டன. பதின்மூன்று திமிறிக்கொண்டு நின்றது. பதினொன்றும் அப்படியே. எவனும் தொடாத காய்கள், அவருடைய கண்ணுக்கு முன்னால், ஒரு எண்ணில் அடங்குவதும் அடுத்த எண்ணில் மாட்டேன் என்பதுமாக இருந்தன. அடங்காத எண்ணை வைக்க ஒரே வழிதான் இருந்தது: ஒற்றை வரிசையாக, நீளமாக, தோணியின் முன்முனை அணியத்தைப் பார்த்து.

இன்னொன்றும் பிடிபட்டது. எல்லா வரிசையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டில் அடங்காதது நாலிலும் அடங்காது, ஆறிலும் அடங்காது. இருபத்துமூன்றை நாலு வரிசைவரை போட்டுப் பார்த்தால் போதும். ஐந்து வரிசை போட்டால் வரிசைக்கு ஐந்துகூட வராது. அப்புறம் அது ஏற்கெனவே பார்த்த சின்ன அடுக்கையே குறுக்கே திருப்பி வைத்துப் பார்க்கிற வேலை. அப்படியானால் அந்த இருபத்தொன்பதையும் இரண்டு, மூன்று, ஐந்து என்று பார்த்ததோடு விட்டிருக்கலாம். அது பிறவியிலேயே அடங்காதது. ஆறாகவும் அடுக்கி, அங்கேயும் மூலை காலி என்று சாட்சிக்கு மேல் சாட்சியாக ஒரு மனுஷன் தலையில் ஏற்றினாரே, அதெல்லாம் ஒரே சாட்சியின் வாய்தான்.

அப்படியானால் இத்தனை வருஷம் ஓடும் மூடையும் எப்படி அடங்கின? ஆள் அடுக்கி அனுப்பிய சரக்கு, அதனால் திரும்ப அடுக்குக்கு வந்தது. இந்தக் காயை யார் அடுக்கினார்கள்? கடல் உடைத்தது போக விட்டுவைத்தது. கடலுக்கு வரிசையும் கிடையாது, மூலையும் கிடையாது.

அவர் எழுந்து, பண்டாரியை அவிழ்க்கணும் என்றார். அவன் ஒன்றும் எடுக்கவில்லை, தப்பு என்மேல் என்றார். காயை அடுக்கிக் காட்டினார். ஹென்றி படுத்தபடி பார்த்தான். ரோச் வாயைத் திறந்துகொண்டு நின்றான். அம்புரோஸ் குவியலுக்கும் கட்டைக்கும் நடுவில் வந்து நின்றான். கையில் தேங்காய் உடைக்கிற கத்தி.

“அன்னைக்கு நீருதானே மூலை விழுந்துட்டுன்னீரு. இன்னைக்கு மூலையே கிடையாதுங்கீரு. தாகத்துல புத்தி பெரண்டுட்டா தண்டலே?”

கஸ்பார் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி ரோச்சிடம் கொடுத்தார். பரலோக மந்திரத்துப் பெரிய மணிகளை விட்டுவிட்டு, மாதாவுக்குச் சொல்லுகிற பிரியதத்த மந்திரத்து மணிகளை மட்டும் இரண்டிரண்டாகத் தள்ளு என்றார். பிறந்தது முதல் அந்திதோறும் வாயில் ஓடுகிற ஐம்பத்துமூன்று மணி ஜெபம். ரோச் தள்ளினான். ஒன்று மிஞ்சியது. மூன்று மூன்றாகத் தள்ளினான், ஒன்று குறைந்தது. ஐந்து போட்டான், ஏழு போட்டான். எதற்கும் மசியவில்லை. அவன் விரல் நின்றுவிட்டது.

“இதுல எவம்ல திருடினான்? மாதாவைக் கட்டிப் போடுவமா?” என்றார் கஸ்பார்.

ஹென்றி சிலுவை போட்டுக்கொண்டான். அம்புரோஸ் அசையவில்லை. கொஞ்சநேரம் அந்த மணிகளைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது, விளங்கியது முகத்தில் தெரிந்தது. விளங்கினது வேறு, விடுவது வேறு.

“மணி தண்ணி குடிக்காது தண்டலே. அவன் குடிப்பான்.”

அதுதான் சங்கதி. இவ்வளவு நாளும் திருட்டு, திருட்டு என்று சொன்னதற்குள்ளே உட்கார்ந்திருந்தது இதுதான். ஐந்து பேருடைய தண்ணீரை நாலு பேர் குடித்தார்கள். அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் கஸ்பார். இப்போது அதை நிறுத்த அவர் சொல்லுக்கு எடை இல்லை. அம்புரோஸ் அவரைவிடப் பலசாலி. ரோச் எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கஸ்பார் சண்டைக்குப் போகவில்லை. நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் தனக்கு வரவேண்டிய அரைக்காய் இரண்டும் சேர்ந்தால் ஒரு காய் ஆகிறது, அதைக் கொடு என்றார். அம்புரோஸ் யோசித்தான். பிறகு காயைப் பொறுக்கி, கையில் கொடுக்காமல் பலகையில் உருட்டிவிட்டான். நீரு செத்தா நாங்க பொறுப்பில்ல என்றான். கஸ்பார் காயை எடுத்துக்கொண்டு போனார்.

கயிற்றை அவிழ்த்ததும் வன்னியபெருமாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். மணிக்கட்டில் கயிறு இறங்கின இடத்தில் சதை வெளுத்திருந்தது. உதடு வெடித்துக் கறுத்துக் கிடந்தது. உடைத்த காயின் சிரட்டையை வாயில் வைத்தால் தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்தது. போகிற ஒவ்வொரு சொட்டையும் கஸ்பார் விரலால் வழித்துத் திரும்ப அவன் நாக்கில் தடவினார். மேல்துண்டின் முனையைச் சிரட்டையில் நனைத்து, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற மாதிரி, பல்லுக்கு நடுவில் வைத்துப் பிழிந்தார். தொண்டை அசையவில்லை. பிழிந்தார். அசையவில்லை. குடிலே, குடிலே என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வேறு ஒரு ஜெபமும் அவருக்கு அப்போது வரவில்லை. ஏழு மாதம் என்று அவன் சொன்னது மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

சூரியன் தண்ணீரைத் தொடுகிற நேரத்தில் அந்தத் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. கஸ்பார் துண்டை மறுபடி நனைத்தார். இன்னொரு தடவை ஏறி இறங்கியது. சிரட்டை காலியானபோது வன்னியபெருமாள் கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தான். அடையாளம் தெரிய நேரமாயிற்று. தெரிந்ததும், காற்று மாதிரி ஒரு குரலில் சொன்னான்.

“சிரட்டையையும் எண்ணிக்கிடும் தண்டலே.”

மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். கஸ்பாரிடம் அது இருந்ததில்லை. சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் பின்னால் ரோச் கூப்பிட்டான். சும்மா இருக்க முடியாமல் மிச்சக் காய்களை அடுக்கிப் பார்த்திருக்கிறான். இருபத்திரண்டு. இரண்டு வரிசை, பதினொன்று பதினொன்று.

“சரியா வந்துட்டு மாமா” என்றான், ஏதோ நல்ல சேதி சொல்கிறவன் போல.

கஸ்பார் எழுந்து போய் அந்த இரண்டு வரிசையையும் ஓங்கி எத்தினார். காய்கள் தோணியெங்கும் உருண்டன. அம்புரோஸ் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு நாலு காலில் ஓடிப் பொறுக்கினான். ஒன்றை ஹென்றி காலால் தடுத்து நிறுத்தி, அம்புரோஸைப் பார்த்து, பண்டாரிக்கும் சேர்த்து உடை என்றான். ஏறியதிலிருந்து அவன் சொன்ன முதல் முழுப்பேச்சு அதுதான். காலையில் அம்புரோஸ் மூன்று காய் உடைத்தான்.

கஸ்பார் தன் பங்கைத் தொடவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுக்கவும் இல்லை, எண்ணவும் இல்லை. வெயில் ஏற ஏற நாக்கு மரக்கட்டையாகி, தானே இப்போது அந்தக் கட்டையில் கட்டுண்டு கிடப்பதாக அவருக்குத் தோன்றியது.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் காயல்பட்டினத்துத் தோணி ஒன்று அவர்களைக் கண்டு பக்கத்தில் வந்தது. அதன் தண்டலாக இருந்த மரைக்காயர் கையைக் குவித்து, எத்தனை பேர் உயிரோடு இருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்புரோஸ் வாயெடுப்பதற்குள் கஸ்பார் முழங்காலில் எழுந்து நின்றார். குரல் வரவில்லை. விரலை விரித்துக் கையை உயர்த்தினார். பிறகுதான் சத்தம் வந்தது.

“அஞ்சு.”

அந்தத் தோணியின் மேல்தட்டில் ஐந்து பேரையும் ஒரே வரிசையாகக் கிடத்தினார்கள். ஆளுக்கொரு குவளை தண்ணீர் வந்தது. கஸ்பார் தன் குவளையைப் பக்கத்தில் கிடந்தவன் பக்கமாக நகர்த்தினார். வன்னியபெருமாள் அதை வாங்கவில்லை. தனக்கு வந்ததை மட்டும் மெல்ல மெல்லக் குடித்து முடித்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.